நோட்டு என் வரிசைக்கு வருவதற்குள்

நோட்டு இப்போதுதான் முதல் வரிசையில் கிளம்பியிருக்கிறது. பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. அதன் முதுகில் ஒரு பேனாவை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் ஊராட்சிச் செயலர், எங்கள் ஊர்க்காரர்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் உட்கார்ந்திருப்பது கடைசி வரிசையில் கடைசி நாற்காலி, பந்தல் காலை ஒட்டினாற்போல. வேண்டுமென்றே பிடித்த இடம். எழுந்து போக நினைத்தால் யார் காலையும் தாண்ட வேண்டாம். குடியரசு தினக் கிராம சபை. கொடி ஏற்றியாகிவிட்டது, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாகிவிட்டது, என் கடைவாயில் அது இன்னும் கரையாமல் ஒதுங்கிக் கிடக்கிறது. மேடையில் மேசைக்குப் பின்னால் குருவுத்தாய், கோட்டூரணி ஊராட்சி மன்றத் தலைவர். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டியது. நாலு ஓட்டு. நாலே நாலு. விருந்தாள் வருகிற வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட நாலு பேர் முன்னே பின்னே ஆவதுண்டு, யாரும் அதற்காக ஒரு மாதம் தூங்காமல் கிடப்பதில்லை. மைக் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் செயலர், ஒன்றியத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரியிடம், "ரெண்டு தடவ எண்ணிட்டேன் சார், கரெக்டா நூறு பேரு" என்று சொன்னது ஊருக்கே கேட்டுவிட்டது. எங்கள் ஊர் அளவுக்கு நூறு கையெழுத்து விழுந்தால்தான் கூட்டம் செல்லும். மற்ற வருஷம் என்றால் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. சாயங்காலம் நோட்டு வீடு வீடாக வரும், அடுப்படியில் நின்றபடியே போட்டுக் கொடுப்போம், கூட்டம் சிறப்பாக நடந்ததாக எழுதிக்கொள்வார்கள். இந்த அதிகாரி புதுசு. நோட்டு வெளியே போகக் கூடாது, உட்கார்ந்திருக்கிற தலைதான் கணக்கு, பன்னிரண்டு மணிக்குள் நூறு சேராவிட்டால் ஒத்திவைப்பு என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாராம். குருவுத்தாயின் ஆட்களிலேயே பாதிப்பேர் எட்டயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வேன் வைத்துப் போய்விட்டார்கள். ஆக, நான் எழுந்து போனால் தொண்ணூற்றொன்பது. இது எனக்கும் தெரியும், மேடையில் இருப்பவளுக்கும் தெரியும், எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் தம்பி பெத்துராஜுக்கும் தெரியும்.

அவன் இங்கேயேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பந்தலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான், ஆனால் பந்தலில் நடப்பது முழுக்கத் தெரிகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். காலையில் நான் சேலை மாற்றும்போதே வாசலில் நின்று சொன்னான். "போறதுன்னா போக்கா. கையெழுத்து மட்டும் போட்டுறாத. மொதக் கூட்டமே நடக்கலேன்னா அவ மூஞ்சியக் கொண்டுபோய் எங்க வச்சுக்கிடுவான்னு பாப்போம்." பார்க்கலாம் என்றுதான் நானும் சொன்னேன். எதைப் பார்க்கலாம் என்று சொன்னேன் என்பது எனக்கே தெளிவில்லை. தோற்றவள் எதற்கு வந்தாள் என்று முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நியாயமான கேள்விதான். நான் வந்தது எதற்கென்றால், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவள் எப்படி வாசிக்கிறாள் என்று பார்க்கத்தான். சுய உதவிக் குழுவில் பத்து வருஷம் ஒன்றாக இருந்தோம். தீர்மான நோட்டை வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் என் பக்கம் தள்ளிவிடுவாள். பத்து வருஷமாகக் கட்டிய தொண்டை. இன்றைக்கு அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரப் பார்த்தார், அதிகாரி அவரைக் கீழே அனுப்பிவிட்டார். இப்போது மேடையில் தனியாக இருக்கிறாள். பச்சைப் பட்டு, புது மூக்குத்தி, இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கைகள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கும்? முந்தானை நுனியைச் சுருட்டி விரித்துச் சுருட்டிக்கொண்டிருக்கும். குழுக் கூட்டத்தில் அப்படித்தான் செய்வாள். எனக்கு அவள் மேல் இருக்கிற கோபத்துக்கு இதெல்லாம் நினைவுக்கு வரக் கூடாது, ஆனால் வருகிறது.

நோட்டு இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டது. என் மடியில் இன்றைய பொருள்களின் நகல் தாள் கிடக்கிறது. ஏழாவது பொருளை நான் ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். தெற்குத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் தண்ணீர் ஏறும்படி மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் போடுதல். கடைசி வீடு வரைக்கும் என்பது என் வார்த்தை. நான் அடித்த நோட்டீசில் மூன்றாவது வரி. இப்போது தெற்குத் தெருக் குழாயைத் திறந்தால் முதலில் புஸ் என்று காற்று வரும், பிறகு கொஞ்சம் துருத்தண்ணீர், அதற்குள் மேலத் தெருவில் மோட்டார் போட்டு உறிஞ்சிவிடுவார்கள், அவ்வளவுதான். நான் குடியிருப்பது அந்தத் தெருவில்தான். அப்படியே திருடி வைத்திருக்கிறாள். இல்லை, திருட்டு என்று சொல்ல முடியுமா? என் நோட்டீசை அவள் வீட்டுக்கு நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவேளை பத்திரமாக எடுத்து வைத்திருந்தாளோ? தோற்றவள் நோட்டீசை ஜெயித்தவள் எதற்காக எடுத்து வைக்க வேண்டும்? இந்த வருஷத்து வேலைப் பட்டியல் மாதக் கடைசிக்குள் ஒன்றியத்துக்குப் போக வேண்டும், இன்றைக்குத் தீர்மானம் ஆகாதது அடுத்த வருஷத்துக்குத்தான் என்று அதிகாரி ஆரம்பத்திலேயே சொன்னார். அப்படியென்றால் இந்தக் கோடைக்கும் காற்றுதான். நான் எழுந்து போனால் குருவுத்தாய் முகம் எங்கே போகும் என்று தெரியாது, ஆனால் என் தெருக் குடங்கள் எங்கே போகும் என்று தெரியும், இரண்டு மைல் தள்ளி கிணற்றடிக்கு. இது பெத்துராஜுக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றாது. அவன் குடம் தூக்குகிறவன் இல்லை.

முப்பத்தொன்று. எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்த எண்ணில்தான் வந்து முட்டிக்கொள்கிறேன். நாலு ஓட்டில் தோற்றேன் என்பதைவிட முப்பத்தொரு செல்லாத சீட்டு என்பதுதான் மண்டைக்குள் எலி மாதிரி ஓடுகிறது. எண்ணும் இடத்தில் பெத்துராஜ்தான் என் முகவர். செல்லாத சீட்டுகளை அங்கிருந்த அலுவலர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாராம். ரோஸ் நிறச் சீட்டு, மேலே பூட்டுச் சாவி, அது என் சின்னம். கீழே ஆட்டோ, அது அவள் சின்னம். வேறு ஆளே கிடையாது. வெறும் சீட்டு மூன்று இருந்ததாம், ஒன்றில் யாரோ பேனாவால் டிக் போட்டிருந்தார்களாம். மிச்சம் இருபத்தேழிலும் இரண்டு முத்திரை. ஒன்று பூட்டுச் சாவி மேல், ஒன்று ஆட்டோ மேல். கோணல்மாணல் இல்லாமல், மை இழுக்காமல், இரண்டும் அச்சாக விழுந்திருந்ததாம். தெரியாத்தனம் என்று பெத்துராஜ் சொல்கிறான். எனக்கு நம்பிக்கையில்லை. தெரியாதவர்கள் குத்தினால் கோட்டின் மேல் விழும், பெயரின் மேல் விழும், சீட்டின் பின்பக்கம்கூட விழும். இது யோசித்துக் குத்தியது. யார் அந்த இருபத்தேழு பேர்? எதற்காக? ஒரு மாதமாக நான் மில்லில் உட்கார்ந்து இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். எங்கள் ஊருக்கு ஒரே மாவு மில் என்னுடையது. மிளகாய் வற்றல், கோதுமை, கேப்பை, எது அரைக்கவும் என்னிடம்தான் வர வேண்டும். யார் வீட்டுத் தூக்குவாளி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்குப் போடாதவர்களை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு பக்கத்து ஊர் மில்லுக்குப் போனார்கள். எனக்குப் போட்டவர்களையும் கண்டுபிடித்துவிட்டேன், அவர்கள் வரிசையில் நிற்காமல் முன்னால் வந்து வாளியை நீட்டினார்கள். இந்த இருபத்தேழுதான் பிடிபடவில்லை. கூச்சமும் இல்லாமல் உரிமையும் கொண்டாடாமல், எப்போதும் போல வந்து எப்போதும் போல அரைத்துக்கொண்டு போகிற ஆட்களாகத்தான் அவர்கள் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

நாலாவது வரிசை. வெயில் பந்தல் துணியின் கிழிசல் வழியாக என் கை மேல் விழுகிறது. இடது கை ஆள்காட்டி விரலில் வைத்த மை, நகம் வளர வளர மேலே ஏறி இப்போது பாதிக்கு வந்திருக்கிறது. அடியில் புது நகம் வெள்ளையாக முளைத்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் வெட்டிப் போட்டுவிடலாம். சில ராத்திரிகளில் ஒரு பயம் வரும், என் சீட்டை நான் சரியாகத்தான் குத்தினேனா என்று. பூட்டுச் சாவியில்தான் குத்தினேன், அது நிச்சயம். ஆனால் மடித்தேனே, நீளவாக்கில் மடித்தேனா குறுக்காக மடித்தேனா? மை காயும் முன்னால் குறுக்காக மடித்தால் எதிர்ப்பக்கம் ஒட்டும் என்று ஊருக்கெல்லாம் மாதிரிச் சீட்டு வைத்துக்கொண்டு பாடம் எடுத்தவள் நான். மடித்தது நினைவில்லை. பெட்டியில் போட்டது நினைவிருக்கிறது. அறைக்குள் வந்த பினாயில் வாசனை நினைவிருக்கிறது. மடித்தது மட்டும் யாரோ அழித்துவிட்டது போல இல்லை. ஒருவேளை அந்த இருபத்தேழில் ஒன்று என்னுடையதோ என்று எண்ணி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் பக்கம் போயிருந்தார், போனில் சொன்னால் சிரித்தார். சிரிப்புக்கு இடம் உண்டுதான்.

ஐந்தாவது வரிசையில் யாரோ பேனா எழுதவில்லை என்கிறார்கள். உதறுகிறார்கள். கோபம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் போனால் அதுவும் மில்லில்தான் போய் நிற்கிறது. ஐப்பசி மாதம், பெண்கள் பஞ்சாயத்து என்று அறிவிப்பு வந்த மறுநாள். குருவுத்தாய் மிளகாய் வற்றல் கொண்டுவந்திருந்தாள். மில் முழுக்க நெடி, இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். நான் நிற்கப் போகிறேன் என்று முதன்முதலில் அவளிடம்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். அடித்துச் சொல், எனக்குத்தான் போடுவேன் என்று. எங்கள் பக்கத்தில் கையில் அடித்துக் கொடுத்துவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. மாடு பிடிக்கிறவர்களும் பெண் பேசுகிறவர்களும் அதோடு எழுந்துவிடுவார்கள். அடித்தாள். மிளகாய்த் தூளோடு பளீரென்று அடித்தாள், சாயங்காலம் வரை எனக்கு உள்ளங்கை எரிந்தது. அந்த ருசியில்தான் நான் மில்லுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் கையை நீட்ட ஆரம்பித்தேன். வாளியை இறக்கி வைத்ததும் கை. மாவை அள்ளிக் கொடுத்ததும் கை. பதினைந்து நாள் கழித்து குருவுத்தாயின் கொழுந்தன்மார் கூடிப் பேசி அவளையே எனக்கு எதிராக நிறுத்தினார்கள். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா, இல்லை. நான் செய்வதைப் பார்த்து அவளும் வீடு வீடாகப் போய்க் கையை நீட்டினாள். ஒருநாள் ஆட்களோடு என் மில்லுக்கே வந்துவிட்டாள். வேட்பாளர் வீட்டையும் விடக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையை நீட்டினாள். நான் என்ன செய்வேன், மாவுக் கையோடு ஓங்கி ஒரு அடி அடித்து, "ஒனக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன்" என்றேன். மில்லே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டே போனாள். அதை நான் பிறகு பத்துப் பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் அவள் அடித்துக் கொடுத்ததும் வேடிக்கைதானா? அதுதான் எனக்கு ஆறவில்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை. கையில் அடித்தவள் எதிரே நின்றாளே என்பதுதான்.

ஆறாவது வரிசை முடிந்துவிட்டது. மணி பதினொன்றே முக்கால். பெத்துராஜ் டீக்கடைப் பெஞ்சை விட்டு எழுந்து நிற்கிறான். அவன் நிற்பதைப் பார்த்து எனக்கும் காலில் ஒரு பரபரப்பு. இப்போது எழுந்தால் சரியாக இருக்கும். செருப்பைக் காலால் தேடுகிறேன், ஒன்று கிடைக்கிறது, இன்னொன்று நாற்காலிக்கு அடியில் எங்கோ போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் சீனித்தாய் மதினி. எனக்கு மூன்று வீடு தள்ளி, தெற்குத் தெருவின் கடைசி வீடு. நோட்டீசில் நான் எழுதிய கடைசி வீடு அவள் வீடுதான். பிரசாரத்துக்கு என்னோடு வெயிலில் அலைந்தவள், தோற்ற அன்றைக்கு என்னைவிட அதிகமாக அழுதவள். அவளும் எப்போதும் போலத்தான் மில்லுக்கு வருகிறாள். எப்போதும் போல. இந்த நினைப்பு வந்ததும் என் கால் செருப்பைத் தேடுவதை நிறுத்திவிட்டது. அவள் பக்கம் சாய்ந்து, மதினி, ரெண்டுலயும் குத்துனது யாரா இருக்கும் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். மதினி மேடையைப் பார்த்தபடியே இருந்தாள். மிட்டாயை வாயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினாள்.

"நானுந்தான் குத்தினேன், வெயிலு" என்றாள். "நீயும் கைய நீட்டுன, அடிச்சுட்டேன். அவளும் வந்து நீட்டுனா. வீடு தேடி வந்தவ கையத் தட்டிவிடவா முடியும், அவளுக்கும் அடிச்சுட்டேன். அடிச்சாச்சுன்னா போடணும்ல? அதான் ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு போட்டேன்."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கள்ளம் என்று ஒரு தூசி இல்லை. செல்லாமல் போகும் என்று தெரியாதா மதினி என்றேன். தெரியும், நீதானே மாதிரிச் சீட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தாய் என்றாள். செல்லுவதும் செல்லாததும் சர்க்கார் பாடு, கொடுத்ததைக் காப்பாற்றுவது அவள் பாடு என்பது போல ஒரு சின்ன தோள் அசைப்பு. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இருபத்தேழு பேரும் இப்படித்தானா? அந்த இருபத்தேழு பேரையும் மூலையில் நெருக்கியது யார்? நான்தான். வாளியை இறக்க விடாமல் கையை நீட்டினேன், என்னைப் பார்த்து அவள் நீட்டினாள், இரண்டு கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் யாருக்கும் பொய்யாகக் கூடாது என்று தங்கள் ஓட்டையே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். சும்மா விட்டிருந்தால் போதும். அரைத்துக் கொடுத்து, போட்டால் போடு என்று விட்டிருந்தால் அதில் எனக்கு நாலைந்து பேர் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். என் தோல்வியை நானே சலித்து, நானே அரைத்து, நானே வாளியில் அள்ளியிருக்கிறேன். இதை வேறு யாருக்காவது நடந்ததாகக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மற்ற இருபத்தாறு பேர் யார் என்று அறிய இப்போது இன்னும் ஆசையாக இருக்கிறது, ஆனால் பிடிப்பதற்காக இல்லை. எப்படிப்பட்ட ஆட்களோடு இத்தனை வருஷம் குடியிருக்கிறேன் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

நோட்டு வந்துவிட்டது. மதினி தொண்ணூற்றொன்பதுக்கு நேராகத் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டுவிட்டு என் மடியில் வைத்தாள். நூறு என்ற எண்ணுக்கு நேராக வெறும் கோடு. பேனாவின் நூல் இவ்வளவு கைகள் பட்டு ஈரமாகியிருந்தது. பெத்துராஜ் ரோட்டைத் தாண்டிப் பந்தல் கால் வரைக்கும் வந்துவிட்டான், கால் மட்டும் உள்ளே வைக்கவில்லை. அக்கா என்றான், அவ்வளவுதான். அவன் ரோஷம் முழுக்க எனக்காகத்தான், அது எனக்குத் தெரியும், அதனால்தான் அவனைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். தெருவுக்குத் தண்ணி வேணும்டா என்றேன். மா. வெயிலாச்சி என்று எழுதினேன். தோற்றதிலிருந்து இன்றுவரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை, வெயிலாச்சியின் சுழி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பெத்துராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான், போகவில்லை.

நோட்டை வாங்கிக்கொள்ளச் செயலர் வருவார் என்று நீட்டிக்கொண்டிருந்தேன். வந்தது குருவுத்தாய். எட்டு வரிசையையும் தாண்டி, பட்டுச் சேலை நாற்காலிகளில் உரச, அவளே இறங்கி வந்திருக்கிறாள். நோட்டை வாங்கினாள், நூறாவது கோட்டைப் பார்த்தாள், உடனே போய்விடவில்லை. குனிந்தாள். பக்கத்தில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. இவளும் தூங்கவில்லை போல.

"அக்கா, ஒங்க கையிலதான் நான் மொதல்ல அடிச்சுக் குடுத்தேன். அவுக எல்லாரும் சேந்து நிக்க வச்சுட்டாக, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஓட்டுப் பெட்டிகிட்ட யாரும் இல்லல்ல. ஒங்களுக்கும் ஒண்ணு போட்டேன்."

எனக்கும் ஒன்று. அப்படியென்றால் தனக்கும் ஒன்று. அப்படியென்றால் செல்லாது. தன் ஓட்டையே செல்லாமல் அடித்துவிட்டு என்னை நாலு ஓட்டில் ஜெயித்திருக்கிறாள். உண்மைதானா என்று பார்க்க வழியே இல்லை, சீட்டுகளைக் கட்டி அரக்கு வைத்து எங்கோ பூட்டியிருப்பார்கள். முகத்தைப் பார்த்தேன். பொய் என்றால் இவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், கட்டவில்லை. நிமிர்ந்து மேடைக்குப் போய்விட்டாள். மில்லும் சிரிப்பும் மாவுக் கையும் திரும்ப வந்தன. அன்றைக்கு என் கையை விட்டதும் தன் கையையே பார்த்துக்கொண்டு போனாளே, அவள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒனக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன் என்று ஊரறிய அடித்தேன். பூட்டுச் சாவியில் மட்டும் குத்தினேன். இந்தத் தேர்தலில் கையில் அடித்துக் கொடுத்துவிட்டு ஏமாற்றியது யார் என்று ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன், ஆள் கடைசி வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

குருவுத்தாய் வாசிக்க ஆரம்பித்தாள். முதல் பொருளில் திக்கினாள், மூன்றாவதில் ஒரு வரியைத் தாண்டிவிட்டுத் திரும்ப வந்தாள், ஐந்தாவதில் குரல் கொஞ்சம் திடமாக நின்றது. நான் தாளை வைத்துக்கொண்டு அவளோடு கூடவே உதட்டுக்குள் வாசித்தேன். ஏழாவது பொருள் வந்தது. கடைசி வீடு வரைக்கும் என்ற இடத்தில் அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இதை முன்மொழிகிறவர் யார் என்று கேட்டுவிட்டுத் தாளிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. மதினி மிட்டாயைக் கடிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் அடுக்கி வைத்திருந்ததில் ஒரு நாற்காலி இழுபட்டது, பெத்துராஜ் உள்ளே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், நான் திரும்பவில்லை. மை பாதி ஏறிய விரலோடு என் கையைத் தூக்கினேன். இந்தத் தடவை அது யாரும் அடிப்பதற்காக நீட்டிய கை இல்லை.